ஓர் உறுப்புக்கு ஒரு பெயர்: கண்நலம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்நோய் பற்றித் தமிழில் துண்டறிக்கை, ஒப்புதல் படிவம், பாடநூல், நாளிதழ்ச் செய்தி எழுதும் அனைவருக்கும்,



‘விழிவெண்படலம்’ என்ற சொல் இன்றைய தமிழில் இரண்டு உறுப்புகளுக்குப் பெயராக வழங்குகிறது. அறிவியல் நூல்கள் பலவற்றில் அது கார்னியா. கண்ணின் முகப்பில் ஒளி முதலில் நுழையும் நிறமற்ற வளைந்த படலம். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் நாளிதழ்கள் ‘விழிவெண்படல அழற்சி’ என்று எழுதும்போது அதே சொல் கன்ஜங்டைவாவைக் குறிக்கிறது. வெள்ளைவிழியைப் போர்த்தி, இமைகளின் உட்புறமாக மடியும் மெல்லிய சவ்வு அது. கார்னியாவில் அழற்சி கண்டால் பார்வையே போகக்கூடும். கன்ஜங்டைவாவில் வைரசால் வரும் அழற்சியோ பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும். ‘கருவிழி’யின் நிலையும் இதுதான். பேச்சுத் தமிழில் அது கண்ணின் கறுத்த வட்டம் முழுவதற்கும் பெயர். கண் வங்கி அறிவிப்புகளில் கார்னியாவுக்கும், சில நூல்களில் ஐரிசுக்கும் அதே பெயர் வழங்குகிறது.

கண்நோயில் எவ்வளவு அவசரம் என்பதைப் பெரும்பாலும் இடமே தீர்மானிக்கிறது. வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வேறு உறுப்பு, வேறு நோய், வேறு மருந்து. நோயின் பெயர் அந்த இடத்தைச் சரியாகச் சுட்டினால், நோயாளி எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்பதைப் பாதி புரிந்துகொண்டுவிடுவார். பெயர் குழம்பினால் அந்தக் குழப்பத்தின் விலையை அவருடைய கண் கொடுக்கும். ஆகவே கண்ணின் உறுப்புகளையும் நோய்களையும் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்த்து, ஒவ்வோரிடத்திலும் எந்தச் சொல் உதவுகிறது, எது தடுக்கிறது என்பதை இம்மடல் எடுத்துவைக்கிறது.

இமை, இமைமயிர், புருவம், பீளை, கண்கட்டி ஆகியவை மக்கள் நாவில் உள்ள சொற்கள்; அவற்றை மாற்ற வேண்டியதில்லை. கண்கட்டியில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். இமைமயிரின் வேரருகே சீழ் பிடித்துச் சிவந்து வலிப்பது ஒன்று. இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு, வலியில்லாமல் பட்டாணி அளவில் தங்கிவிடும் கட்டி மற்றொன்று. முன்னதற்குக் கண்கட்டி என்ற பெயரும், பின்னதற்கு ‘வலியற்ற இமைக்கட்டி’ என்ற விளக்கமும் போதும். முதியவர்களுக்கு அத்தகைய கட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது புற்றா என்று பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும்.

கண்ணீர்ச் சுரப்பி மேலிமையின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கண்ணீர் விழியை நனைத்தபின், மூக்கோரத்தில் இமை விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கண்ணீர்ப் பைக்கும், அங்கிருந்து மூக்குக்கும் வடிகிறது. இந்தப் பாதை அடைபட்டால் கண் ஓயாமல் நீர் வடிக்கும். பையில் சீழ் பிடித்தால் அது கண்ணீர்ப் பை அழற்சி. விழியின் மேல் நிற்கும் கண்ணீரில் எண்ணெய், நீர், சளிப்பொருள் என மூன்று கூறுகள் உண்டு. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் வருவது உலர்கண். பெயர் உலர்கண் என்றாலும், உறுத்தல் தாளாமல் கண் தானே நீரைக் கொட்டுவது அந்நோயின் இயல்பு. ‘எனக்குத்தான் கண்ணில் நீர் வடிகிறதே, உலர்கண் எப்படி?’ என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை பெயரை அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும்.

கன்ஜங்டைவாவுக்கு ‘இமையிணைப்படலம்’ என்ற பெயர் பொருத்தமானது. அது இமையையும் விழியையும் இணைக்கிறது, எனவே இடத்தையும் தொழிலையும் பெயர் ஒன்றாகவே சொல்லிவிடுகிறது. அதன் அழற்சியை ‘இமையிணைப்படல அழற்சி, அதாவது மெட்ராஸ் ஐ’ என்று எழுதினால் படித்தவருக்கும் மற்றவருக்கும் ஒருசேர விளங்கும். சென்னை எழும்பூரில் 1819ஆம் ஆண்டு தொடங்கிய அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அந்நகரின் பெயரையே ஒரு கண்நோய் தாங்கி ஊரெங்கும் வழங்குகிறது. அந்த வழக்குச் சொல்லை ஒதுக்குவதில் பயன் இல்லை. எழுத வேண்டியது வேறு: மெட்ராஸ் ஐ பார்ப்பதால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை உறை, பகிர்ந்துகொள்ளும் கண்மை வழியாகவே ஒட்டும்.

இதனோடு சேர்ந்து நிற்கும் சிக்கல் ‘கண்வலி’. ஊர் வழக்கில் கண் சிவந்தால் எல்லாமே கண்வலிதான். ஆனால் சிவந்த கண்ணில் உறுத்தலும் பீளையும் மட்டும் இருப்பது ஒரு நிலை. கடும் வலி, வெளிச்சம் தாளாமை, பார்வை மங்கல் ஆகியவையும் சேர்ந்திருப்பது வேறொரு நிலை. பின்னது கார்னியாப் புண்ணாக இருக்கலாம், ஐரிஸ் அழற்சியாக இருக்கலாம், கண் அழுத்தம் திடீரென ஏறியதாகவும் இருக்கலாம். மூன்றும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியவை. கண்வலி என்று தலைப்பிட்ட எந்தத் துண்டறிக்கையும் இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே சொல்வது கடமை.

வெள்ளைவிழியின் மூக்கோர மூலையிலிருந்து கார்னியாவை நோக்கி முக்கோணமாக வளரும் சவ்வை மக்கள் ‘கண்ணில் சதை’ என்கிறார்கள். வெயிலிலும் புழுதியிலும் நெடுங்காலம் உழைப்பவர்களிடம் இது அதிகம். கண்புரையையும் சிலர் சதை என்றே சொல்வதால், ஒன்றுக்குச் செய்த சிகிச்சையை மற்றதற்குச் செய்ததாக நோயாளி நினைத்துவிடுகிறார். சதை கண்ணின் மேற்பரப்பில் வளர்வது. புரை கண்ணுக்குள்ளே இருப்பது. சதை கண்ணாடியின் முன் நின்றால் தெரியும். தொடக்கநிலைப் புரை அப்படித் தெரியாது. இந்த இரண்டு வரியும் இருந்தால் குழப்பம் நீங்கும்.

அடுத்தது கார்னியா. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே அது பெறுகிறது. கண் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் இதைக் ‘கார்னியா’ என்றே எழுதுகிறது. கருவிழி, விழிவெண்படலம் என்ற இரண்டு பெயர்களுமே வேறு உறுப்புகளோடு மோதுவதால், கார்னியா என்ற கடன்சொல்லை வைத்துக்கொண்டு, முதல் முறை வரும்போது ‘கருவிழியின் முன்னுள்ள நிறமற்ற படலம்’ என்று விளக்குவதே பாதுகாப்பானது. கண்தானச் செய்திகளில் கருவிழி என்ற சொல் ஊன்றிவிட்டது. அங்கே அதைப் பயன்படுத்துவோர், தானமாகப் பெறப்படுவது கண்ணின் நிறப்பகுதி அன்று, அதன் முன்னுள்ள தெளிந்த படலம் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

கார்னியாப் புண் தமிழ்நாட்டு வயல்வெளிகளுக்கு மிக நெருக்கமான நோய். கதிரறுக்கும்போது நெல்லின் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். தென்னிந்தியாவில் பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகள் இதற்கு முக்கியக் காரணம். அப்போது இலைச்சாற்றையோ தாய்ப்பாலையோ ஊற்றுவதும், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விடுவதும் புண்ணை ஆழமாக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அதைத்தான் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறார்கள். பூ என்ற சொல் மென்மையானது. அது குறிப்பதோ பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு. எனவே ‘கார்னியாத் தழும்பு’ என்று எழுதி, பூ விழுதல் என்ற வழக்கையும் அருகே தருவது நல்லது. இத்தழும்புக்கு மாற்றுப் படலம் பொருத்தும் அறுவை முதன்முதலில் 1905இல், இன்றைய செக் நாட்டின் ஓலோமோட்சில், எடுவார்டு சிர்ம் கையால் வெற்றி பெற்றது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் எழும்பூர் மருத்துவமனையில் அமைந்தது. இறந்தபின் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவரும், சர்க்கரை நோய் இருந்தவரும், புரை அறுவை செய்துகொண்டவரும் தானம் தரலாம்.

கார்னியாவுக்குப் பின்னால் தெரியும் நிறவட்டம் ஐரிஸ். இலங்கைத் தமிழில் அதற்குக் ‘கதிராளி’ என்றும், வெள்ளைவிழியின் உறுதியான வெளியுறைக்கு ‘வன்கோது’ என்றும் அழகான பெயர்கள் உண்டு. ஐரிஸ், அதன் பின்னுள்ள சிலியரி உறுப்பு, விழிச்சுவரின் நடுவே ஓடும் இரத்தக் குழாய்ப் படலமாகிய கோராய்டு ஆகிய மூன்றும் ஒரே அடுக்கு. அந்த அடுக்கின் அழற்சியை ‘விழிநடுப்படல அழற்சி’ எனலாம். காசநோய், மூட்டுவாதம் போன்ற உடல்நோய்களோடு அதற்கு உறவு உண்டு. ஐரிசின் நடுவிலுள்ள துளைக்குக் கண்மணி, பாவை என்ற இரண்டு பெயர்களும் பழமையானவை. எதிரில் நிற்பவரின் சிறு உருவம் அதில் தெரிவதால் பாவை. காதலி வந்து குடியிருக்கக் கண்ணின் பாவையை இடம்விட்டுப் போகச் சொல்லும் காதலன் திருக்குறளின் காமத்துப்பாலில் இருக்கிறான். இலத்தீன் மொழியிலும் இத்துளையின் பெயர் சிறு பொம்மை என்ற பொருளுடையது. பாடநூலின் ‘கண் பாவை’யை அப்படியே மருத்துவப் படிவத்திலும் எழுதலாம்.

சிலியரி உறுப்பு ஒரு தெளிநீரைச் சுரக்கிறது. அது பாவை வழியாகக் கார்னியாவுக்குப் பின்னுள்ள முன்னறைக்கு வந்து, கார்னியாவும் ஐரிசும் சேரும் கோணத்திலுள்ள நுண்சல்லடை வழியே வடிகிறது. சுரப்பும் வடிகாலும் ஈடாக இருந்தால் கண் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். பெரும்பாலும் இந்தச் சமநிலை குலைந்து, பார்வை நரம்பின் இழைகள் அழிவது கிளாக்கோமா. தமிழில் இதற்குக் ‘கண்நீர் அழுத்த நோய்’ என்ற பெயர் பரவலாக உள்ளது. எழுத்தில் கண்நீர் வேறு, கண்ணீர் வேறு. காதில் இரண்டும் ஒன்றுதான். அழுதால் அழுத்தம் கூடும் என்றும், கண்ணீர் வடிந்தால் நோய் தீரும் என்றும் இரத்த அழுத்த மாத்திரை இதற்கும் போதும் என்றும் எண்ண இப்பெயர் இடம் தருகிறது. மேலும் அழுத்தம் இயல்பான எல்லைக்குள் இருந்தும் நரம்பு அழியும் கிளாக்கோமாவும் உண்டு. ‘அழுத்தம் சரியாக இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தை நம்பி அத்தகையோர் மருந்தை விட்டுவிடுவார்கள். எனவே கிளாக்கோமா என்ற பெயரை வைத்துக்கொண்டு, ‘பார்வை நரம்பை அரிக்கும் நோய், கண் அழுத்தம் அதன் முதன்மைக் காரணம்’ என்று விளக்குவதே நேர்மையானது. பெரும்பாலோருக்கு இது வலியின்றி, பக்கப் பார்வையை முதலில் தின்று வருகிறது. இழந்த பார்வை திரும்பாது. சிகிச்சை காப்பது எஞ்சியிருப்பதை மட்டுமே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் இந்நோய்க்கு உருவாக்கிய துளையிடும் அறுவை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. இன்றைய அறுவைகளும் நீருக்கு மாற்று வடிகால் அமைக்கும் அதே கொள்கையில் நிற்கின்றன.

ஐரிசுக்குப் பின்னால் லென்ஸ். நுண்ணிய இழைகளால் தொங்கும் இது, அருகில் பார்க்கும்போது தடித்தும் தொலைவில் பார்க்கும்போது தட்டையாகியும் குவியத்தை மாற்றுகிறது. நாற்பது வயதை ஒட்டி இந்த நெகிழ்வு குறைய, அருகிலுள்ள எழுத்து வெளுத்துத் தெரியும் நிலைதான் வெள்ளெழுத்து. சாளேசுரம் என்பதும் அதுவே. வெள்ளெழுத்து ஒரு முதுமை மாற்றம், கண்ணாடியால் தீர்வது. அதைவிடத் துல்லியமான சொல்லை யாரும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை.

லென்சே கலங்கி ஒளியைத் தடுப்பது கண்புரை. புரை என்றதும் விழியின் மேல் படர்ந்த தோலை நினைத்து, அதை உரித்தெடுப்பதே அறுவை என்று பலர் நம்புகிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது தெளிவிழந்து வெண்மையாவது போல, லென்சின் புரதங்களே உள்ளுக்குள் நிறம் மாறுகின்றன. அங்கே உரிப்பதற்குத் தோல் ஏதுமில்லை. ‘புரை முற்றட்டும்’ என்று காத்திருக்கும் வழக்கம் பழைய அறுவைமுறையின் எச்சம். இன்று பார்வைக் குறைவு அன்றாட வேலையைக் கெடுக்கத் தொடங்கினாலே அறுவை செய்யலாம். மிக முற்றவிட்டால் அறுவை கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்சைக் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் தன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் மூலம் அந்த லென்சை உள்ளூரிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. அறுவைக்குப் பின் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ லென்சின் பின்னுறை மங்குவதுண்டு. ‘புரை மறுபடி வந்துவிட்டது’ என்று அதைச் சொல்வது தவறு; ‘லென்ஸ் உறை மங்கல்’ என்பதே சரி. சில நிமிட லேசர் சிகிச்சையில் அது தீரும்.

லென்சுக்குப் பின் விழிக்கோளத்தின் பெரும்பகுதியை நிரப்புவது பளிங்கு போன்ற கூழ்மம். விட்ரியஸ் என்றும் ‘விழிக்கூழ்மம்’ என்றும் எழுதலாம். அதற்கும் பின்னால், உள்சுவரை ஒட்டி விழித்திரை. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறமும் நுணுக்கமும் காட்டும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும் அதில் உள்ளன. கூம்பு செல்கள் செறிந்த நடுப்பகுதி மஞ்சட்புள்ளி. நரம்பு வெளியேறும் இடம் குருட்டுப்புள்ளி. குருட்டுப்புள்ளி எல்லாக் கண்ணிலும் இயல்பாக இருப்பது, அது நோய் அன்று. மஞ்சட்புள்ளி முதுமையில் நலிந்தால் நேர்கோடு வளைந்து தெரியும், எதிரே நிற்பவரின் முகம் மறையும்.

விழித்திரை நோய்களில் மூன்று நிலைகளைப் பெயரோடு சேர்த்தே விளக்க வேண்டும். முதலாவது விழித்திரை விலகல்: திடீரெனக் கண்ணுக்குள் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் கொட்டி, ஒரு பக்கத்திலிருந்து நிழல் படர்ந்தால் அது மணிக்கணக்கில் அளக்க வேண்டிய அவசரம். இரண்டாவது நீரிழிவு விழித்திரை நோய்: சர்க்கரையால் நுண்குழாய்கள் கசிந்தும் அடைத்தும் பார்வை கெடுகிறது. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனை இன்றியமையாதது. மூன்றாவது குழந்தைகளுக்கு வருபவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம். பிறந்து 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்தியாவின் வழிகாட்டல். குழந்தையின் பாவை ஒளிப்படத்தில் வெள்ளையாக மின்னினால் அது விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அதைப் புரை என்றோ பூ என்றோ பெயரிட்டுக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

விழித்திரையின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. விழியை அசைக்கும் தசைகள் ஆறு. அவற்றின் சமநிலை தவறினால் மாறுகண். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவைத்தால், மூளை அந்தக் கண்ணின் காட்சியைப் புறக்கணிக்கத் தொடங்கும். அதைச் ‘சோம்பேறிக் கண்’ என்று எழுதுகிறார்கள். குழந்தையின் மீது குற்றம் சாட்டுவது போன்ற சொல் அது. ‘பழகாத பார்வை’ என்பது நோயின் தன்மைக்கு நெருக்கமானது: கண்ணில் குறை பெரிதாக இல்லை, மூளை பார்க்கப் பழகவில்லை, சிறு வயதில் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்ற இணை பள்ளியிலேயே கற்பிக்கப்பட்டும் குழப்புகிறது. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். குழி லென்சால் திருத்தப்படும். பலர் கிட்டத்தில் குறை என்று தலைகீழாகக் கொள்கிறார்கள். ‘கிட்டப்பார்வை: தூரத்தில் மங்கல்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே வழி. மாலைக்கண்ணுக்கு அந்தக் குழப்பம் இல்லை. வைட்டமின் ஏ குறையும்போது முதலில் அதுவும், பின்னர் வெள்ளைவிழியில் நுரை போன்ற பிட்டோ புள்ளிகளும், இறுதியில் கார்னியா உருகுவதும் நேரும். மாலைக்கண் என்ற சொல் வீட்டிலுள்ளவர்கள் தாங்களே கண்டறியக்கூடிய அறிகுறியையே பெயராகக் கொண்டது. நல்ல மருத்துவச் சொல்லுக்கு அது ஓர் அளவுகோல்.

தமிழுக்கு இப்பணி புதிதன்று. சித்த மருத்துவம் கண்நோய்களை 96 என வகுத்துப் பெயரிட்டது. 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அந்நூல்களின் வடசொல் மிகுந்த பெயர்களில் பல இன்று வழங்குவதில்லை. எனினும் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் முறையாகப் பெயரிட்டு மாணவரைத் தமிழிலேயே மருத்துவராக்கிய அந்த ஒழுங்கு இன்றும் தேவைப்படுகிறது.

கண்நலம் எழுதும் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்வது ஆறு. ஒரு வெளியீட்டில் ஓர் உறுப்புக்கு ஒரே பெயர் வழங்க வேண்டும். விழிவெண்படலம் என்ற சொல்லைக் கைவிட வேண்டும். நோய்ப்பெயர் இடத்தையும் மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இமை அழற்சி, கார்னியாப் புண், விழித்திரை விலகல் என்பன போல. மக்கள் வழக்கு துல்லியமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். குழப்பமாக இருந்தால் அதை அருகே தந்து வேறுபடுத்த வேண்டும். மருத்துவர் வாயில் வரும் கடன்சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருமுறையாவது தர வேண்டும். மருந்துச்சீட்டில் நோயாளி காண்பது அதைத்தான். காத்திருக்கலாமா, இன்றே போக வேண்டுமா என்பதை ஒவ்வொரு நோய்ப்பெயரின் கீழும் முதல் வரியாக எழுத வேண்டும்.

கண்நலத் தமிழில் அக்கறையுடன்,
ஒரு கட்டுரையாளர்